ஐடென்டிட்டி: அடையாளமா, தன்னடையாளமா?

‘ஐடென்டிட்டி’க்கு ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்கள் முதலில் பள்ளிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். இயற்கணிதத்தில் அது முற்றொருமை. எந்த எண்ணோடு கூட்டினாலும் அந்த எண்ணை மாற்றாத பூச்சியம், கூட்டல் சமனி. பாம்பனில் படகேறும் மீனவர் கையோடு கொண்டுபோவது அடையாள அட்டை. ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் ஒரே சொல்தான்.

வேரைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் பக்கம்தான் நியாயம். லத்தீனில் ‘இடெம்’ என்றால் ‘அதுவே’ என்று பொருள். அதிலிருந்து ‘இடென்டிடாஸ்’ பிறந்து, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. மாறாமல் அதுவாகவே இருப்பது என்பதுதான் பழைய பொருள். ‘நான் யார்’ என்ற கேள்வியின் பொருள் அதில் அழுத்தமாக ஏறியது 20ஆம் நூற்றாண்டில். ஏற்றியவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1902இல் ஜெர்மனியில் பிறந்த அவருக்குத் தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்றே கடைசிவரை தெரியாது. வளர்ப்புத் தந்தையின் பெயரோடு வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். இளமையில் ஓவியம் வரைந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர். பட்டப்படிப்பு முடிக்காமலே ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். இந்தச் சொல் அவர் கையில் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

சரி, ‘அடையாளம்’ என்று சொன்னால் போதாதா? தமிழில் அடையாளம் என்பது பிறருக்குக் காட்டுவது. பெரியாழ்வார் பாசுரத்தில் அனுமன் சீதையிடம், அவளும் இராமனும் மட்டுமே அறிந்த சேதிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மல்லிகை மாலையால் கட்டி விளையாடியதைக்கூடச் சொல்லி, இது ‘ஓர் அடையாளம்’ என்று முடிக்கிறான். கடைசியில் மோதிரத்தை நீட்டுகிறான். எதிரில் இருப்பவர் நம்புவதற்கான சான்று அது. நம் இராமேசுவரக் கரையில் அந்தக் கதையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உளவியலின் ‘ஐடென்டிட்டி’யோ, ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பதில். அதனால் ‘தன்’ சேர்த்துத் தன்னடையாளம் என்பதே பொருந்தும் என்பது என் கட்சி.

இந்த வேறுபாட்டுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் படிப்பும் வேலையும்தான். இராமேசுவரத்திலோ தங்கச்சிமடத்திலோ மீனவர் வீட்டு வாசலில் நின்று அப்பா எங்கே என்று கேட்டால், “தொழிலுக்குப் போயிருக்காக” என்று பதில் வரும். என்ன தொழில் என்று யாரும் கேட்பதில்லை. தொழில் என்றாலே கடல்; கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ போனால் அது ‘வேலை’. ஆக, பள்ளி விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தை நிரப்பும் பிள்ளை, அடையாளத்தையும் சேர்த்தே எழுதுகிறது. தன்னடையாளத்துக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. (‘கேரியர்’ என்று தமிழில் எழுதினாலோ சோற்றுக் கேரியர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்கு ‘வாழ்க்கைத்தொழில்’ என்ற சொல் இருக்கிறது. கொஞ்சம் நீளம், ஆனால் தெளிவு.)

அமெரிக்க ஆய்வாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இல் சொன்ன கருத்து இங்கே உதவும். குழந்தைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே ‘இது எனக்கில்லை’ என்று கழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் ஆண் வேலை, பெண் வேலை என்ற கழிவு. ஒன்பதுக்கு மேல், நம்மைப் போன்றவர்களுக்கு எது எட்டும் என்ற கழிவு. தனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி பதினான்கு வயதுவாக்கில்தான் வருகிறது. அதற்குள் பட்டியல் சுருங்கிவிடுகிறது. இதைக் ‘கழித்துக் குறுக்கல்’ எனலாம். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தீவோரப் பாறைகளில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். நீரோட்டம், பருவம், பாசி வகை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அந்த அறிவும் கடல் உயிரியலும் உறவு என்று அவர்கள் மகளுக்கு யாராவது சொல்லியிருந்தால் ஒழிய, அந்தப் பாடம் அவள் பட்டியலில் ஏறவே ஏறாது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருந்தும் இதே கதைதான்.

கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களிடம் வேறொரு சொல் உண்டு: சபுராளி. பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர் என்று பொருள். தலைமுறை தலைமுறையாக ஆண் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தயாராகக் காத்திருக்கும். பெண்களுக்கு அப்படி ஒரு சொல் இருக்கவில்லை. 1988இல் ஊரிலேயே மகளிர் கல்லூரி வந்தபிறகு, ஊரையும் மார்க்கத்தையும் விடாமலே பட்டம் வாங்கலாம் என்றாயிற்று. அடையாளம் மாறவில்லை, கல்லூரி பக்கத்தில் வந்தது. தடை எல்லாவற்றையும் ‘மனநிலை’ என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எரிக்சனுக்குப் பின், 1966இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா தன்னடையாளத்துக்கு நான்கு நிலைகள் சொன்னார். அவற்றில் இரண்டுக்குத்தான் தமிழ்ச்சொல் சிக்கல். ‘ஃபோர்குளோஷர்’ என்றால், வேறு வழி எதையும் பார்க்காமல் பெற்றோர் சொன்னதைத் தனதாக்கிக்கொள்வது. சிலர் ‘முன்முடிவு’ என்கிறார்கள். அது தப்பெண்ணம் என்ற பொருளுக்கும் இழுக்கிறது. ‘தேடாமல் ஏற்றல்’ என்பது நேரானது. அப்பாவின் படகில் ஏறுகிற மகன் மட்டுமல்ல, அப்பா சொன்னார் என்று பொறியியல் சேர்கிற மகனும் இதில்தான் வருவான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் படகைத் தேர்ந்தவன் இதில் வரமாட்டான்.

இன்னொன்று ‘மோரடோரியம்’: முடிவெடுக்காமல் தேடிக்கொண்டிருக்கும் காலம். நம் கரையில் ‘தடைக்காலம்’ என்ற சொல் கைவசம் இருப்பதால் அதையே போடத் தோன்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெரும்பாலும் அதற்குள்தான் பிளஸ் டூ முடிவும் கல்லூரி விண்ணப்பமும் வருகின்றன. அப்பா வீட்டில் இருப்பார், வருமானம் இருக்காது, பிள்ளையின் படிப்பு முடிவாகும். அங்கே தேட அவகாசம் ஏது? ஆகவே தேடற்காலம் என்பதே சரி. வழிகாட்டிக் கையேடு எழுதும் ஆசிரியர்கள் தன்னடையாளம், தேடற்காலம் என்றே எழுதலாம். ஐடி கார்டுக்கு மட்டும் அடையாள அட்டை.