சோழகக் காலத்தில் தீடைகளில் இறங்கவேண்டாம்

வன்னிக் கரையில் பறவைகள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவன, மார்கழி, தை மாதங்களில் மன்னாரை அடுத்த வங்காலையின் ஆழமற்ற நீரில் வரிசையாக நிற்கும் பூநாரைகளே. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்த இடத்தைப் பார்க்கத் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பூநாரைகள் அங்கே முட்டையிடுவதில்லை. பருவம் முடியப் புறப்பட்டுவிடும். முட்டையிடுவதற்கென்றே நமது கடலை நம்பி வரும் ஆலாக்கள் எனும் கடற்பறவைகள், பூநாரைகள் போன பிறகு, வெயில் ஏறிச் சோழகம் எனும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும் மாதங்களில், தலைமன்னாருக்கு மேற்கே இந்தியக் கரையை நோக்கித் துண்டு துண்டாகக் கிடக்கும் மணல் தீடைகளில் கூடுகின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் கடற்றொழிலாளரும் கடற்படையினரும் எம்மைப் போன்ற களப்பணியாளர் சிலரும் மட்டுமே.

இலங்கையின் எல்லைக்குள் இருக்கும் தீடைகள் 2015ஆம் ஆண்டு முதல் ஆதாம் பாலம் கடல்சார் தேசிய பூங்காவாக, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ளன. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய சிறிய ஆலா, தலையில் கொண்டை சிலிர்க்கும் பெரிய கொண்டை ஆலா, நெற்றி மட்டும் வெளுத்த ‘பிரவுன் நொடி’ எனும் கபில நிறப் பறவை ஆகியன கடலோரத் திட்டுகளைத் தேடுவதற்குக் காரணம் எளியது: அங்கே நரி, கீரி, நாய், பூனை எவையும் இல்லை. ஆகவே அவை மரத்தையோ புதரையோ பெரிதாகத் தேடுவதில்லை. சிறிய ஆலா நெஞ்சை மணலில் அழுத்திச் சுழன்று ஒரு சிறு குழி தோண்டுகிறது, அதுதான் கூடு. அதிலே இரண்டு, மூன்று முட்டைகள் இருக்கும். நொடியோ ஒரு பருவத்தில் ஒரேயொரு முட்டைதான் இடும், ஐந்து வாரமளவில் அதை அடைகாக்கும். அந்த முட்டை போனால் பெரும்பாலும் அந்த ஆண்டே போய்விட்டது.

முட்டையை எடுத்துச் செல்வதுதான் பெருங்கேடு என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் மாறியது எனது தொடக்க காலப் பிழையொன்றினால். கூடுகளை எண்ணுவதற்காக முற்பகல் பதினொரு மணியளவில் நானும் என்னுடன் வந்த இருவரும் திட்டொன்றில் இறங்கினோம். பறவைகள் அனைத்தும் ஒன்றாக எழுந்து தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்தன. குறிப்பேட்டில் எண்களை எழுதியபடி நாற்பது நிமிடம் நடந்தோம். திரும்பும் வழியில் கூடொன்றின் அருகே குனிந்து முட்டையைத் தொட்டேன். விரலைச் சட்டென எடுக்கவேண்டியிருந்தது. நண்பகல் மணலின் சூடு 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடியது. கருவோ 40 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காது. அப்பகுதியில் ஆலா முட்டையின்மேல் இருப்பது சூடு கொடுப்பதற்காக அன்று, நிழல் கொடுப்பதற்காக. படகில் ஏறிய பின்னர் தொலைநோக்கியால் பார்த்தபோது, தாய்ப்பறவையொன்று அலைமேல் தாழ்ந்து வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, நீர் சொட்டச் சொட்ட அந்த முட்டைகளின்மேல் அமர்ந்தது. மீண்டும் பறந்து போய் நனைந்து வந்தது. எத்தனை முறை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் ஒரு முட்டையையேனும் எடுக்கவில்லை, மிதிக்கவுமில்லை. ஆயினும் அன்று எத்தனை கருக்களை அவித்துவிட்டு வந்தோம் என்பது யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து விடியும் நேரத்தில் மட்டுமே, அதுவும் முடிந்தவரை படகிலிருந்தே எண்ணுகிறோம்.

தீடைகளைப் பார்க்கப் படகுச் சுற்றுலா வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அச்சம் ஏற்படுவது இதனால்தான். படம் எடுக்க விரும்பும் ஒரு குடும்பத்துக்குக் கால்மணி நேரம் மிகச் சிறியது. ஒரு நாளில் பத்துப் படகுகள் வந்தால் அந்தப் பறவைக் கூட்டத்தின் முட்டைகள் மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கும். டிரோனைத் தாழப் பறக்கவிடுவதும் இதற்குக் குறைந்ததன்று.

அடுத்த ஆபத்து எலி. அது நீந்தி வருவதைவிட, வலைக் குவியலுக்குள்ளும் கூடைக்குள்ளும் ஒளிந்து படகில் வருவதே அதிகம். சினையான ஒரு பெண் எலி ஏறினாலே போதும். இந்து சமுத்திரத்தின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில், முன்னைய கப்பல்களால் எலி புகுந்த தீவுகளையும் எலி புகாத தீவுகளையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, கடற்பறவைகள் நிறைந்த தீவுகளை அண்டிய முருகைக்கற்பாறைகளில் மீன்களின் மொத்த நிறை 48 சதவீதம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பறவைகளின் எச்சத்திலுள்ள நைதரசன் மழையுடன் கடலில் கலந்து பாசியை வளர்க்க, அதைத் தின்று மீன் வளர்கிறது. ஆலாவைக் காப்பது மீனையும் காப்பதாகும் என்று நான் கரையோரக் கூட்டங்களில் சொல்லும்போது, இந்த ஆய்வைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறேன்.

தலைமன்னாரில் முதிய தொழிலாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் அறிந்திருந்தது வேறொரு கணக்கு. “தம்பி, ஆலா விழுந்து விழுந்து எழும்புற இடத்திலதான் நெத்தலியும் சூடையும் மேல வரும். நாங்கள் அதைப் பார்த்துத்தானே வலை வளைச்சனாங்கள்” என்றார். “அப்ப அதின்ர குஞ்சை ஆர் பார்க்கிறது, ஐயா?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீன் கழிவைத் தீடையில் கொட்டும் பழக்கத்தைத் தானே குறிப்பிட்டார். கழிவு காகத்தை அழைக்கும். காகம் கழிவு முடிந்ததும் முட்டைக்கும் குஞ்சுக்கும் திரும்பும். தீடைக் கரையிலே விட்டுவரும் தங்கூசி (நைலோன் இழை) வலைத் துண்டும் கேடுதான். ஒரு குஞ்சின் காலில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்த இழையைச் சிறு கத்தரிக்கோலால் நானே வெட்டியிருக்கிறேன். கால் ஏற்கெனவே கறுத்திருந்தது.

சித்திரையிலிருந்து புரட்டாதி வரை தீடைகளுக்கு எட்ட நின்று செல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். பறவைகள் எழுந்து கத்தத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள், திரும்பிவிடுங்கள். தொழிலுக்குப் புறப்படுமுன் வலையைக் கரையிலேயே உதறிப் பாருங்கள். நாயைப் படகில் ஏற்றாதீர்கள். இயந்திரம் பழுதானாலோ சோழகம் கடுத்துப் படகு தாங்காவிட்டாலோ தயங்காமல் ஒதுங்குங்கள்; மனித உயிர்தான் முதலில். ஒதுங்கியவர்கள் அலை நனைக்கும் ஈரமணலிலேயே, பறவைகள் இல்லாத முனையில் தங்குங்கள். முட்டைகள் இருப்பது மேட்டிலுள்ள உலர்ந்த மணலில். அங்கே அவை கிளிஞ்சல் துண்டுகளோடு கலந்து நிறம் மயங்கிக் கிடக்கும்; பத்தாண்டு நடந்த எனது கண்ணுக்கும் அவை இன்றும் தப்புகின்றன.