காட்டுப்பூவரசு மலையிறங்குன காலம்

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு அக்கா கேட்டுருந்தாங்க. அவங்க மகன் ராணுவத்துல, இப்ப உத்தரகாண்ட்ல இருக்கான், அங்க மலை பூரா ரத்தச் செவப்புல ஒரு பூ பூத்துக் கெடக்குன்னு வாட்ஸப்ல போட்டோ அனுப்பியிருக்கான், இவங்க பாத்துட்டு "ஏலே, இது நாம ஊட்டிக்குப் போனப்ப தொட்டபெட்டாவுல பாத்த மரம்லா"ன்னு சொல்லியிருக்காங்க, அவன் நம்பல. ஆச்சியோ "அனுமார் சஞ்சீவி மலையத் தூக்கிட்டுப் போகையில சிந்தியிருக்கும், மருந்துவாழ்மலையே அப்படி விழுந்ததுதானே"ன்னு முடிச்சுட்டாங்களாம். யாரு சொல்றது சரி அண்ணாச்சின்னு கேள்வி.

அக்கா கண்ணு தப்பல. ரோடோடென்ட்ரான் ஆர்போரியம்னு ஒரே இனம்தான் ரெண்டும். நம்ம பக்கம் காட்டுப்பூவரசும்பாங்க, உத்தரகாண்ட்ல புரான்ஸ், அந்த மாநிலத்தோட மரமே அதுதான், நேபாளத்துக்கு தேசியப் பூ. இமயமலையில இருக்கு, அப்புறம் நீலகிரி, பழனிமலை, ஆனைமலையில இருக்கு, கடலத் தாண்டி இலங்கையில நுவரெலியா பக்கமும் இருக்கு. இமயமலைக்கும் நீலகிரிக்கும் நடுவுல கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர், அந்த வெக்கையில இந்த மரம் ஒரு நா கூட தாங்காது. விதை தூசி மாதிரி இருக்கும், காத்துல பறக்கும்தான், ஆனா பெரும்பாலும் தாய்மரத்துப் பக்கத்துலயே விழுந்துரும். பறவை தின்னு கொண்டு போறதுக்கு அது பழமும் கெடையாது, காஞ்சு வெடிக்குற காய்.

அப்ப எப்படித்தான் தெக்க வந்துச்சு? பனியுகம்னு, பூமியே குளிர்ந்து வடக்க ஐஸ் மூடுற காலம் ஒண்ணு வந்துச்சு, பூமி சுத்துற பாதையும் அச்சோட சாய்வும் மெல்ல மெல்ல மாறுறதால வருது, இதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. கடைசிப் பனியுகம் உச்சத்துல இருந்தது சுமார் 20,000 வருஷத்துக்கு முன்ன. நம்ம ஊருல ஐஸ் மூடல, ஆனா மலைப்பக்கம் ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ச்சி கூடுச்சு. அஞ்சு டிகிரிதானேன்னு தோணும். எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான்.

கல்லிடைக்குறிச்சியில வேர்த்துக் கொட்டுற சித்திரையில மாஞ்சோலை பஸ்ஸுல ஏறி நாலுமுக்கு போனா துண்டப் போத்திக்கத் தோணும்லா, ஏன்னா ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு, ஆறரை டிகிரி கொறையும். அதையே திருப்பிப் போடுங்க. ஊரே 5 டிகிரி குளிர்ந்துட்டா, முன்ன உச்சியில இருந்த குளிர் இப்ப 750, 800 மீட்டர் கீழயே கெடைக்கும். மரம் நடக்காது, ஆனா விதை எப்பவும் மேலயும் விழும் கீழயும் விழும், முன்ன கீழ விழுந்ததெல்லாம் வெக்கையில செத்துச்சு, இப்ப அது பொழைக்குது, அது பெருசாகி இன்னும் கீழ விதை போடுது, அதுவும் பொழைக்குது, இப்படியே நூத்துக்கணக்கான தலைமுறையில காடே மலைய விட்டு எறங்கி வந்துரும்.

தாமிரபரணியில வெள்ளம் வரும்போது குறுக்குத்துறைக்குப் போய்ப் பாத்துருக்கீங்களா? முருகன் கோயில் முங்கி மேல்பக்கம் மட்டும் தெரியும், ஆத்து மண்டபமெல்லாம் தனித்தனித் தீவா நிக்கும். கோடையில தண்ணி வடிஞ்சா பாறையும் மணல்திட்டும் வெளிய வந்து ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு நடந்தே போயிரலாம். இப்ப இருக்குற வெயில அந்த வெள்ளம்னு நெனச்சுக்கிடுங்க, மலை உச்சியெல்லாம் மண்டபம். பனியுகத்துல வெயில் வெள்ளம் 750 மீட்டராவது வடிஞ்சுச்சு, வடிஞ்சதும் நடுவுல முங்கிக் கெடந்த திட்டெல்லாம் தலைகாட்டுச்சு. மத்தியப் பிரதேசத்துல சாத்பூரா மலையில துப்கர்னு ஒரு உச்சி, 1,350 மீட்டர். குளிர்கணக்குல பாத்தா அது அன்னைக்கு 2,100 மீட்டர் மலை, அதாவது கொடைக்கானல் உயரம்! அப்புறம் பனியுகம் முடிஞ்சு வெயில் ஏறுச்சு, நடுத்திட்டுல இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு, உச்சிக்குத் தப்பி ஏறுனது மட்டும் மிச்சம். கடந்த 8 லட்சம் வருஷத்துல சுமார் லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை இது நடந்துருக்கு, அதனால ஒரே பயணத்துல வந்து சேந்துச்சுன்னு நெனைக்க வேண்டியதே இல்ல. இலங்கைக்குப் போனது இன்னும் லேசு, தண்ணியெல்லாம் வடக்க ஐஸா கெட்டிப்பட்டதால கடல் 120 மீட்டர் கிட்ட கீழ போச்சு, ஆழமே இல்லாத பாக் நீரிணை தரையாக் கெடந்துச்சு.

டார்வின் 1859லயே உயிரினங்களோட தோற்றம் பத்துன புத்தகத்துல இமயமலை, நம்ம தீபகற்பத்து மலைகள், இலங்கை உச்சிகள்னு எல்லாத்தையும் சேத்து இந்தக் காரணத்தச் சொல்லிட்டாரு. 1949ல சுந்தர்லால் ஹோராங்குற மீன் ஆராய்ச்சியாளர், பாறையில ஒட்டிக்கிட்டு வாழுற மலையோடை மீனுங்கள வச்சு, சாத்பூரா வழியாத்தான் தெக்க வந்துச்சுன்னாரு. அந்த வழியா, கிழக்குத் தொடர்ச்சி மலை வழியான்னு சண்டை இன்னும் ஓயல.

குளிர் மட்டும் பத்தாது, ஈரமும் வேணும். 1993ல சூழலியல் அறிஞர் ஆர். சுகுமாரும் கூட்டாளிங்களும் நீலகிரி சதுப்புல அடுக்கடுக்கா மண்ணெடுத்து, அதுல உள்ள கார்பன வச்சு அந்தந்தக் காலத்துல மரம் ஜாஸ்தியா புல்லு ஜாஸ்தியான்னு பாத்தாங்க, பனியுக உச்சத்துல அங்க வறட்சி, புல்லுதான் ஜாஸ்தி. அதனால மரங்க நகந்தது குளிரும் மழையும் சேந்து வந்த இடைக்காலங்களா இருக்கணும்னு நான் நெனைக்கேன். இந்த மாதிரி மண் நம்ம பொதிகைப் பக்கமும் எடுக்கணும், அதுக்குக் காசு வேணும், ராக்கெட்டுக்குக் கெடைக்குற கவனத்துல நூத்துல ஒரு பங்கு இந்தச் சதுப்புச் சேத்துக்குக் கெடைச்சாக் கூடப் போதும்.

ஆச்சி கதையில எனக்குக் கோவமே கெடையாது, வடக்கு மலைச் செடி தெக்க இருக்குங்குறத யாரோ கவனிச்சதாலதான அந்தக் கதையே பொறந்துருக்கும். ஆனா குத்தால சீசன்ல அதே கதையச் சொல்லி இமயமலை சஞ்சீவி வேருன்னு ஏதோ ஒரு வேர நூறு எரநூறுக்கு விக்குறாங்க பாருங்க, அத வாங்கி சக்கரை மாத்திரைய நிறுத்துன ஆளுங்கள எனக்குத் தெரியும், தயவு செஞ்சு வாங்காதீங்க.

அக்கா, உங்க மகன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. லீவுக்கு மலையெறங்கும்போது செவப்புப் பூ கடைசியா எந்த உயரத்துல தெரியுதுன்னு போன்ல பாத்துக் குறிச்சுக்கச் சொல்லுங்க. மேல ஏற ஏற அதே மரம் ரோஸாவும் வெள்ளையாவும் பூக்கும், அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நம்ம நீலகிரி மரத்தப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.