அழைத்தவரையும் விசாரிக்கும் அடுக்கு

கணினி அறிவியல் பயிலும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுத எந்தப் பயனருக்கு உரிமை உண்டு என்பதை இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது. ஆனால் நான் இயக்கும் நிரல்களில் ஒன்றுக்கு மட்டும் அந்த உரிமையை மறுக்க நிரல்வரிகளிலேயே வழி உண்டா? பழைய டாட்நெட் நிரல் ஒன்றில் 'ரெஜிஸ்ட்ரிபெர்மிஷன்' என்று ஒன்றைப் பார்த்தேன். அது என்ன செய்கிறது?"

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதில் நிறுவப்பட்ட மென்பொருள்களும் தம் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளம் என்பது தெரிந்ததே. அதன் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் பயனர் யார் என்பதை மட்டுமே பார்க்கிறது. நேற்று இணையத்திலிருந்து இறக்கிய விளையாட்டும் பல ஆண்டுகளாக நம்பிப் பயன்படுத்தும் கணக்குமென்பொருளும் ஒரே பயனரின் பெயரில் இயங்குவதால், அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருள்களை எழுதவும் இயக்கவும் மைக்ரோசாஃப்ட் உருவாக்கி, 2002இல் வெளியிட்ட டாட்நெட் ஃபிரேம்வொர்க் இந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. பயனர் யார் என்பதோடு, கட்டளை எந்த நிரலிலிருந்து வருகிறது, அந்த நிரல் எங்கிருந்து வந்தது என்பதையும் அது பார்த்தது. ரெஜிஸ்ட்ரிபெர்மிஷன் அந்த ஏற்பாட்டின் ஒரு சிறு உறுப்பு: ரெஜிஸ்ட்ரியின் குறிப்பிட்ட கிளையைப் படிக்கவோ, எழுதவோ, அதில் புதிய கிளையை உருவாக்கவோ ஒரு நிரலுக்கு உள்ள உரிமையை அது குறிக்கிறது.

உரிமையை வழங்குவது எளிது. அந்த உரிமையை வேறொருவர் இரவல் வாங்கிப் பயன்படுத்தாமல் தடுப்பதுதான் கடினம். கணினி அறிஞர் நார்ம் ஹார்டி 1988இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இதை மிகத் தெளிவாக விளக்குகிறது. கணினி நேரத்தை வாடகைக்கு விட்ட டைம்ஷேர் நிறுவனத்தின் கணினியில், ஃபோர்ட்ரான் மொழி நிரல்களைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் ஒன்று இருந்தது. பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைப் பதிந்துவைப்பதற்காக, தான் இருந்த அடைவில் (ஃபோல்டரில்) எழுதும் உரிமை அதற்குத் தரப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்குக் கோப்பும் அதே அடைவில் இருந்தது. பயனர் ஒருவர், பிழைதிருத்தத் தகவலை எழுதவேண்டிய கோப்பின் பெயராக அந்தக் கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். கம்பைலர் கேட்டபடியே செய்தது. கட்டணக் கணக்கு அழிந்தது. அந்தக் கோப்பைத் தொடப் பயனருக்கு உரிமை இல்லை, கம்பைலருக்கு இருந்தது. தான் யாருடைய உரிமையைக் கொண்டு, யாருக்காக வேலை செய்கிறோம் என்பதைப் பிரித்தறிய அந்த நிரலுக்கு வழியே இல்லை.

டாட்நெட் இதற்குக் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் அது புதிதாக எதையும் கட்டவில்லை; ஏற்கெனவே நினைவகத்தில் இருந்த ஒன்றையே சாட்சியாக அழைத்தது. நிரலின் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) மற்றொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எந்த இடத்துக்குத் திரும்பவேண்டும் என்பது ஸ்டாக் எனப்படும் அடுக்கில் பதியப்படுகிறது. அழைக்கப்பட்டது இன்னொன்றை அழைத்தால் அதற்கும் ஒரு பதிவு சேர்கிறது. ஆகவே எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும், யார் யாரை அழைத்து இங்கே வந்தோம் என்ற முழு வரலாறும் அந்த அடுக்கில் இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் எழுதும் நூலகச் செயற்கூறு, எழுதுவதற்கு முன் 'டிமாண்ட்' என்ற கோரிக்கையை விடுக்கும். உடனே நிரலை இயக்கும் டாட்நெட் சூழல் அடுக்கின்வழியே ஒவ்வொரு பதிவாகப் பின்னோக்கி நடந்து, அழைத்தவருக்கு இந்த உரிமை உண்டா, அவரை அழைத்தவருக்கு உண்டா என்று தொடக்கம்வரை விசாரிக்கும். இடையில் ஒருவருக்கு உரிமை இல்லாவிட்டாலும் செயல் அங்கேயே நின்றுவிடும். நம்பகமான நூலகத்தை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் நிரல், இந்த நடையில் அகப்பட்டுவிடும்.

ஆனால் எல்லா அழைப்பையும் இப்படித் தடுத்தால் நியாயமான வேலைகளும் நின்றுபோகும். உலக நேர வலயங்களின் பட்டியலை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில்தான் வைத்திருக்கிறது. இந்திய நேரம் என்ன என்று கேட்கும் சாதாரண நிரலுக்கு ரெஜிஸ்ட்ரி உரிமை எதற்கு? ஆகவே டாட்நெட்டின் நேர வலய நூலகம், தன் பதிவின்மீது 'அசெர்ட்' என்ற குறியை இட்டுக்கொள்கிறது. அந்தக் கிளையைப் படிப்பதற்கு மட்டும் தானே பொறுப்பு என்று அது ஏற்றுக்கொள்வதாக இதற்குப் பொருள். பின்னோக்கி நடக்கும் விசாரணை அந்தக் குறியைக் கண்டதும் நின்றுவிடும். இதில் நான் மீண்டும் மீண்டும் வியப்பது ஒன்று உண்டு: குறி அடுக்கின் பதிவிலேயே இருப்பதால், செயற்கூறு முடிந்து பதிவு நீங்கும்போது குறியும் தானாகவே நீங்குகிறது. கொடுத்த சலுகையைத் திரும்பப் பெற ஒருவர் மறந்துவிடுவார் என்ற அச்சத்துக்கே அங்கு இடமில்லை.

இத்தனை அழகான ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருந்தது. மார்ட்டின் அபாடி, செட்ரிக் ஃபோர்னே என்ற ஆய்வாளர்கள் 2003இல் அதைத் துல்லியமாகச் சுட்டினார்கள். அடுக்கில் இருப்பது வரலாறு என்று மேலே சொன்னேன். உண்மையில் அது இனித் திரும்பவேண்டிய இடங்களின் பட்டியல் மட்டுமே. நம்பகமான நிரல் ஒன்று, நம்பத்தகாத துணைநிரலை அழைத்து, எந்தக் கிளையை அழிக்கவேண்டும் என்று கேட்பதாகக் கொள்வோம். துணைநிரல் மிக முக்கியமான கிளை ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அதன் பதிவும் அடுக்கிலிருந்து போய்விடுகிறது. அதன்பின் நம்பகமான நிரல் அந்தக் கிளையை அழிக்கும்போது, விசாரணை நடந்தாலும் அடுக்கில் நல்லவர்கள் மட்டுமே நிற்பார்கள். கெடுதல் செய்தவர் வந்த சுவடே இருக்காது. அடுக்கை மட்டும் பார்க்காமல், இதுவரை இயங்கிய எல்லா நிரல்களின் உரிமைகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த தீர்வு.

நடைமுறையிலோ இந்த ஏற்பாடே மெல்லக் கைவிடப்பட்டது. 2010இல் வந்த டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4இல் கணினி முழுவதற்குமான அதன் கொள்கை முடக்கப்பட்டது. டாட்நெட்டின் பிந்தைய வடிவமான டாட்நெட் கோர் அதை ஏற்கவே இல்லை. ஜாவா நிரல்மொழியில் இதையொத்த ஏற்பாடும் 2021இல் விலக்கத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 2025இல் முற்றிலும் செயலிழக்கச் செய்யப்பட்டது. விதிகளைப் பிழையின்றி எழுத மிகச் சிலராலேயே முடிந்தது என்பது முக்கியக் காரணம். இப்படித் தோல்வியடைந்த வடிவமைப்புகளை ஆராய நம் பல்கலைக்கழகங்களில் நிதி கேட்டால் கிடைப்பது அரிது என்பது எனக்கு உண்மையான வருத்தம். தோல்வியிலிருந்தும் கற்கலாம்: ஹார்டியின் கட்டுரை பிறந்ததே ஒரு கணக்குக் கோப்பு அழிந்ததிலிருந்துதான்.

எனவே வாசகருக்கு என் விடை இது: பழைய நிரலில் பார்த்த ரெஜிஸ்ட்ரிபெர்மிஷனைப் புதிய நிரலில் காவலாக நம்பவேண்டாம். இன்று அந்தக் காவல் நிரல்வரிகளிலிருந்து இயங்குதளத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 6 முதல், அமைப்புகளை மாற்ற விரும்பும் செயலிக்குப் பயனர் தனித் திரையில் ஒப்புதல் தரவேண்டும். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் நிரலே தொடக்கத்தில் தன் உரிமைகளைக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தபின் மீண்டும் பெற முடியாது. விண்டோஸில் எழுதுகிறீர்கள் என்றால், நிரலை நிர்வாகி உரிமையின்றி இயக்குங்கள். நம்பத்தகாத துணைநிரலைத் தனிச் செயல்முறையாக, குறைந்த உரிமையுடன் தொடங்குங்கள். ரெஜிஸ்ட்ரி கிளையைத் திறக்கும் 'ஓப்பன்சப்கீ' செயற்கூறு, எழுதவேண்டும் என்று நீங்கள் தனியே கேட்காதவரை, படிப்பதற்கு மட்டுமே திறக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.