கவுன்சில் டாக்ஸ் உதவி: ஓய்வூதியர்களுக்குச் சட்டம் காவல், மற்றவர்களுக்கு?

இங்கிலாந்தில் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கவுன்சில் டாக்ஸில் (உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வீடுகளுக்குப் போடும் வரி) கிடைத்த உதவி, 2013 ஏப்ரல் வரை எல்லா ஊருக்கும் ஒரே விதிப்படி நடந்தது. அதை நிறுத்திய மத்திய அரசு, இனி அவரவர் ஊருக்கு அவரவரே திட்டம் போட்டுக்கொள்ளுங்கள் என்று கவுன்சில்களிடம் தள்ளிவிட்டது, அதற்கான பணத்தையும் சுமார் 10 சதவீதம் குறைத்துத்தான் கொடுத்தது. ஓய்வூதிய வயதை எட்டியவர்கள்மேல் மட்டும் யாரும் கைவைக்க முடியாது, அவர்களுக்கான விதி நாடு முழுக்க ஒன்றே. ஆக, கவுன்சில் உதவியைக் குறைத்தால், அந்த வெட்டு மொத்தமும் அந்த வயதை எட்டாதவர்கள் தலையில்.

உங்கள் அப்பா அம்மா ஓய்வூதிய வயதில் இருந்தால், வருமானத்தைப் பொறுத்து முழு வரியும்கூடத் தள்ளுபடியாகலாம். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாகக் கிடைக்காது. ஆனால் பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான அரசு உதவித்தொகை) கேரண்டி பகுதியை வாங்குபவருக்கு அந்த வரம்பே இல்லை, அதனால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். ஒரு சிக்கல் உண்டு: கணவருக்கு 70 வயதானாலும், மனைவி ஓய்வூதிய வயதை எட்டாததால் தம்பதியாக யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்த, உழைக்கும் வயதினருக்கான அரசு உதவித்தொகை) வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், கவுன்சிலின் சொந்தத் திட்டம்தான்.

சரி, ஓய்வூதிய வயதை எட்டாதவர்களில் பாதுகாக்க வேண்டிய நலிந்தவர்கள் யார்? சட்டம் அதற்கு வரையறை தரவில்லை. ஒரு கவுன்சில் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிப்பாளர்களையும் சேர்க்கும், பக்கத்துக் கவுன்சில் எல்லோரும் கொஞ்சமாவது கட்டியே ஆகவேண்டும் என்னும். எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை. இருந்தாலும் திட்டத்தை மாற்றும் முன் மக்களிடம் கருத்துக் கேட்டே ஆகவேண்டும். உதவியைக் குறைக்காமல் சமாளிக்க வேறு வழிகளும் இருப்பதைச் சொல்லாமலே கருத்துக் கேட்ட லண்டனின் ஹேரிங்கே கவுன்சில் செய்தது சட்டவிரோதம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆகவே கருத்துக் கேட்டு கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள்.

திட்டத்துக்குள் வராவிட்டாலும், கஷ்டத்தைச் சொல்லி, கவுன்சில் டாக்ஸ் சட்டத்தின் 13ஏ பிரிவின் கீழ் கவுன்சிலிடம் தனிச் சலுகை கேட்கலாம். தனியாக வாழ்பவருக்கு 25 சதவீதக் கழிவு உண்டு, இதற்கு வருமானம் பார்ப்பதில்லை. மறதிநோய் முற்றி, மருத்துவர் சான்றும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பு தேவைப்படும் ஓய்வூதிய வயதினருக்கானது) போன்ற உதவித்தொகைக்குத் தகுதியும் உள்ளவர் தனியாக இருந்தால் வரியே கிடையாது. இதைப் பலர் கேட்பதே இல்லை.

அப்புறம், யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்ததோடு இதுவும் வந்துவிடும் என்று இருக்காதீர்கள், கவுன்சிலிடம் தனியாகக் கேளுங்கள். மறுத்தால் முதலில் கவுன்சிலுக்கே எழுதுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் தனித் தீர்ப்பாயமான வேல்யுவேஷன் டிரிபியூனலுக்குப் போகலாம்.