தெரிநிறப் படம்: ஒரு சொல் விளக்கம்

மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட் நகரின் கடைவரிசையில் ஒரு போட்டோ கடை இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் நடக்கும் திருமணம், காதணி விழா, பள்ளி மாணவர்களின் வகுப்புப் படம் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தக் கடைதான். அதன் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு மணமகளின் படத்தில் முகமும் மாலையும் மணவறையும் பின்னால் நிற்கும் உறவினர்களும் கறுப்பு வெள்ளையாக இருக்க, கூறைச் சேலை மட்டும் சிவப்பாக நிற்கிறது. விலைப்பலகையில் இந்த வகைப் படத்துக்குத் தமிழில் ஒரு பெயர் எழுத வேண்டும் என்று கடைக்காரத் தம்பி என்னிடம் கேட்டார். “செலக்டிவ் கலர்னு போட்டா யாருக்கும் விளங்கல, ஐயா. பாதி கலர்னு போட்டா, அப்ப பாதி விலைதானேன்னு கேட்கிறாங்க,” என்றார். அவர் சொன்ன குறையில் நியாயம் இருந்தது; பிழை விலையில் இல்லை, பெயரில்தான் இருந்தது.

ஒரே படத்தில் ஒரு பொருளையோ ஒரு நிறத்தையோ மட்டும் இயல்பான நிறத்தோடு விட்டுவிட்டு, எஞ்சிய பரப்பு முழுவதையும் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதே இந்த உத்தி. ஆங்கிலத்தில் இதற்கு நிலையான ஒரே பெயர் இல்லை. படத்தொகுப்பாளர்கள் ‘செலக்டிவ் கலர்’ என்பார்கள். கைப்பேசிச் செயலிகள் ‘கலர் ஸ்பிளாஷ்’ என்று விளம்பரம் செய்தன. கூகள் போட்டோஸ் 2018இல் இதைத் தானே செய்து தரும் வசதியை அறிவித்தபோது ‘கலர் பாப்’ என்று பெயரிட்டது. கேனன் நிறுவனத்தின் சிறிய கேமராக்களில் இது ‘கலர் அக்சென்ட்’, சோனியில் ‘பார்ஷியல் கலர்’. இந்தப் பெயர்களுள் ஒன்றை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். போட்டோஷாப் மென்பொருளில் ‘செலக்டிவ் கலர்’ என்றே ஒரு கட்டளை உண்டு; ஆனால் அது படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவதில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை முதலிய ஆறு நிறங்களையும் வெள்ளை, இடைச்சாம்பல், கறுப்பு ஆகியவற்றையும் சேர்த்து ஒன்பது தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அச்சு மைகளின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது அது. பயிற்சி வகுப்புக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகள் இந்தக் கட்டளையைத் திறந்து வைத்துக்கொண்டு, சேலையைத் தவிர மற்றவை ஏன் வெளுக்கவில்லை என்று குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலச் சொற்களின் வேர்கள் நம் வேலைக்கு உதவுகின்றன. ‘செலக்ட்’ என்பது இலத்தீனில் ‘தனியே’ என்னும் பொருள் தரும் ‘சே’ என்ற முன்னொட்டும், ‘திரட்டு, பொறுக்கு’ என்னும் பொருள் தரும் ‘லெகெரே’ என்ற வினையும் கூடியது. அதாவது தனியே பொறுக்கி எடுத்தல். ‘கலர்’ என்ற சொல்லின் வேர் இன்னும் சுவையானது. இலத்தீன் ‘கொலோர்’, ‘மறைத்தல்’ என்னும் பொருளுடைய ‘கேலாரே’ என்ற வினையோடு உறவுடையது. ஒரு பொருளின் மேல் போர்த்தியிருப்பதே அதன் நிறம் என்று அந்தப் பழைய மக்கள் கருதியிருக்கிறார்கள். இன்று கணினித் திரையில் இந்த உத்தியைச் செய்பவர்கள் நாளெல்லாம் கையாளும் கருவிக்கும் ‘மாஸ்க்’, அதாவது மறைப்பு, என்றுதான் பெயர்.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓரிடத்தில் மட்டும் நிறம் தோன்றுவது புதிய காட்சி அன்று. 1839இல் பிரெஞ்சுக்காரர் தகேரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே சுவிட்சர்லாந்து ஓவியர் யோகான் பாப்டிஸ்ட் இசென்ரிங், மரப்பிசினோடு சேர்ந்த நிறப்பொடியைப் படத்தகட்டின் மேல் ஏற்றி முகங்களுக்குச் சிவப்பூட்டினார். 1925இல் வெளிவந்த ‘போர்க்கப்பல் பொதெம்கின்’ என்ற ஊமைப்படத்தில் கப்பலில் ஏறும் கொடிக்கு, படச்சுருளின் மேலேயே கையால் சிவப்பு பூசப்பட்டது. நம் ஊர்களிலும் பழைய ஸ்டூடியோக்கள் எடுத்த தாத்தா பாட்டி படங்களில் உதட்டிலும் கன்னத்திலும் மட்டும் மெல்லிய சிவப்பைக் காணலாம். இவை எல்லாவற்றிலும் நிறம் வெளியிலிருந்து வந்து படத்தின் மேல் ஏறியது. இன்றைய உத்தியில் நடப்பது இதற்கு நேர்மாறானது: கேமரா எல்லா நிறங்களையும் பதிந்துவிடுகிறது; தொகுப்பவர் எதையும் பூசுவதில்லை, தேவையற்ற இடங்களில் நிறத்தை இறக்கிவிடுகிறார். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், முன்னது தீட்டுதல், பின்னது விட்டுவைத்தல். ஆகவே ‘வண்ணந்தீட்டிய படம்’ என்ற பெயரை அந்தப் பழைய கைவேலைக்கே ஒதுக்கிவைப்பது முறை.

நிறத்தை இறக்குவது எப்படி என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அளவுகளால் ஆனது. அவற்றைச் சம பங்காகக் கூட்டாமல், மனிதக் கண் பச்சைக்கு அதிகமாகவும் நீலத்துக்குக் குறைவாகவும் ஒளி உணர்வதைப் பின்பற்றி, சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 என்ற விகிதத்தில் கூட்டிச் சாம்பலின் அளவைக் கணக்கிடுவது நெடுநாளாகப் புழங்கும் ஒரு முறை. 0 முதல் 255 வரையுள்ள அளவுகோலில் தூய சிவப்பு 76 என்ற கருஞ்சாம்பலாகவும், தூய பச்சை 150 என்ற வெளிர்சாம்பலாகவும் மாறும். பச்சைக் கரை வைத்த சிவப்புச் சேலையில் உடல் பகுதி இருண்டு கரை மட்டும் வெளிறிப்போவது இதனால்தான். சேலையின் நிறத்தை விட்டுவைத்தால் அந்த இருட்டு நீங்கிவிடுகிறது. மணப்பெண் படங்களில் சிவப்பையே எல்லாரும் விட்டுவைப்பதற்கு மங்கலம் மட்டுமன்று, இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதத் தோலின் நிறம், எந்த இனத்தவருக்கானாலும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே விழுவது. ஆதலால் ‘சிவப்பை மட்டும் வை’ என்று கேமராவிடம் சொன்னால் குங்குமத்தோடு கன்னமும் காதும் திட்டுத்திட்டாகச் சிவந்து நிற்கும். தாலிக்கயிற்றின் மஞ்சளுக்கும் இதே கதிதான். நல்ல தொகுப்பாளர் நிறத்தை நம்பாமல், பொருளின் விளிம்பைக் கையால் வரைந்து மறைப்பு இடுவதற்கு இதுவே காரணம்.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். ‘பகுதி வண்ணம்’ என்பது முதலில் மனத்தில் தோன்றும் சொல். ஆனால் அது வேறொரு பொருளுக்கு எப்போதோ உரிமையாகிவிட்டது. முழுநீள வண்ணப்படம் எடுப்பது பெருஞ்செலவாக இருந்த 1950களில், சில சுருள்களை மட்டும் வண்ணத்தில் எடுத்த திரைப்படங்கள் ‘பகுதி வண்ணம்’ என்று விளம்பரமாயின. 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ முற்பகுதி கறுப்பு வெள்ளையாகவும் பிற்பகுதி கேவாகலர் என்ற வண்ணச் சுருளிலும் இருந்தது. அங்கே காலத்தால் பகுதி. இங்கே பரப்பால் பகுதி. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் பழைய சினிமா பேசும் பெரியவர்களுக்குக் குழப்பம்தான். ‘தேர்வு வண்ணம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் மலேசியத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் காதில் ‘தேர்வு’ என்றதும் பரீட்சை மண்டபமே கேட்கும். ‘ஒருநிறப் படம்’ பொருந்தாது, ஏனெனில் ‘மோனோகுரோம்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேரான பொருள் அதுவே. முழுக்கக் கறுப்பு வெள்ளையான படத்தைத்தான் அது குறிக்கும். எஞ்சி நிற்பதால் ‘நிறவெச்சம்’ எனலாமா என்று நானே ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் வாழும் நல்ல சொல்தான். ஆனால் மின்கம்பியில் வரிசையாகக் காக்கை உட்காரும் ஊரில் ‘எச்சம்’ என்றால் மக்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

பெயரின் பின்பாதி வண்ணமா நிறமா என்பதிலும் தெளிவு வேண்டும். ‘வர்ண’ என்ற வடசொல் பிராகிருதத்தில் ‘வண்ண’ என்றாகித் தமிழில் வண்ணம் ஆயிற்று என்பது பரவலான கருத்து. அதே வடசொல் மலாயில் ‘வார்னா’ என்று வழங்குகிறது. அடுத்த கடை மலாய்ப் பெண்மணி ‘வார்னா’ என்பதும் நாம் ‘வண்ணம்’ என்பதும் ஒன்றுவிட்ட சகோதரிகள். எனினும் தமிழில் வண்ணம் பல வேலை பார்க்கும் சொல்: ‘அவ்வண்ணம்’ என்கையில் விதம், தொல்காப்பியச் செய்யுளியலில் ஓசை வகை. நிறம் என்பதோ இன்றைய வழக்கில் நேரே கண்ணுக்குப் படுவதைச் சொல்வது. தொல்காப்பிய உரியியலும், ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று சொல்லி, அடுத்த நூற்பாவில் ‘நிறத்துரு உணர்த்தற்கும் உரிய என்ப’ என்கிறது. கறுத்தலும் சிவத்தலும் சினத்தைக் குறித்தன, அவையே நிறத்தையும் உணர்த்தும் என்பது கருத்து. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சிவப்பு ஒன்று நிற்கும் படத்துக்கு ‘நிறத்துரு’ என்ற அந்தச் சொல்லே அணுக்கமாக இருக்கிறது. இதே இடத்தில் ‘கறுப்பு’ என்று வல்லின றகரம் இருப்பதையும் பலகை எழுதுவோர் கவனிக்கலாம். இடையின ரகரம் இட்ட ‘கருப்பு’ இன்று நிறத்துக்கும் வழங்கினாலும், அகராதிகள் அதற்குப் பஞ்சம் என்ற பொருளும் தருகின்றன.

முன்பாதிக்கு நான் பரிந்துரைப்பது ‘தெரி’. ‘தெரிதல்’ என்ற வினைக்கு இரண்டு பொருள் உண்டு: கண்ணுக்குப் புலப்படுதல் ஒன்று, ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல் மற்றொன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய ‘தெரிந்து தெளிதல்’ இந்த இரண்டாம் பொருளின் மேல் நிற்பது. இலக்கணத்தில் ‘தெரிநிலை வினைமுற்று’ என்று பிள்ளைகள் படிப்பது முதற்பொருளில், காலம் வெளிப்படையாகத் தெரிகின்ற வினை. இந்த உத்தியிலோ இரண்டும் ஒருசேர நடக்கின்றன. எந்த நிறத்தை ஒருவர் தேர்ந்தாரோ அதுவே பார்ப்பவருக்குத் தெரிகிறது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: தெரிந்த நிறம், தெரிகின்ற நிறம், தெரியும் நிறம் என மூன்று காலத்துக்கும் விரியும். எனவே இந்தத் தோற்றத்தைத் ‘தெரிநிறம்’ என்றும், அப்படி ஆக்கிய படத்தைத் ‘தெரிநிறப் படம்’ என்றும், ஆக்கும் வேலையைத் ‘தெரிநிறப்படுத்தல்’ என்றும் வழங்கலாம். போட்டோஷாப்பின் அந்த மற்றொரு கட்டளைக்கு ‘நிறவாரித் திருத்தம்’ போதும், இரண்டும் மோதாது.

இந்த உத்தியை எல்லாப் படத்துக்கும் இடுவதை நான் விரும்புவதில்லை. ஒரு திருமண ஆல்பத்தில் இருபது பக்கமும் மாலை மட்டும் சிவந்திருந்தால் மாலைகள்தான் நினைவில் நிற்கும், முகங்கள் நிற்கா. ஆனால் லயத்து வீட்டு வாசலில் எடுத்த ஒரு படம் எங்கள் உறவினர் வீட்டில் இருக்கிறது. மரச்சுவரும் மழைநீர் வாளியும் பாட்டியும் சாம்பலில் இருக்க, அவர் கையிலிருக்கும் வெற்றிலை மட்டும் பச்சை. எடுத்தவர் எதைத் தெரிந்தார் என்பது பார்த்தவுடன் விளங்குகிறது.

கடைக்காரத் தம்பி பலகையைப் புதிதாக எழுதிவிட்டார். முதல் வரியில் ‘தெரிநிறப் படம்’ என்ற பெயரும் விலையும். அதன் கீழே, வாடிக்கையாளருக்காக அவரே சேர்த்த இரண்டாம் வரி: ‘சேலையா, மாலையா, தாலியா? எது தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.’