பம்பர்ஸும் பிள்ளையின் தோலும்

ஒரு புதிய பம்பர்ஸின் நடுப்பகுதியைக் கத்தரித்துப் பஞ்சை உதறினால், சீனியைப் போன்ற வெண்ணிறக் குறுணிகள் உதிரும். மாரி மழையில் ஏந்திய தண்ணீர், கோண்டாவில் கிணற்றுத் தண்ணீர், காங்கேசன்துறைக் கடல்நீர் என மூன்று கிளாஸ்களில் சம அளவு எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்தக் குறுணிகளில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்க வேண்டும் (சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில்). மழைநீரில் குறுணிகள் ஊதிப் பெருத்துக் கூழாகிவிடும். கிணற்று நீரில் அவ்வளவு பெருக்காது. கடல்நீரில் வீக்கம் மிகக் குறைவு.

குறுணியின் பெயர் சோடியம் பொலி அக்கிரிலேற்று. இது ஒரு பல்பகுதியம், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். இதன் நீண்ட சங்கிலிகள் நெடுகிலும் மறையேற்றங்கள் இருக்கின்றன, அவற்றின் அருகில் சோடியம் அயன்கள். உள்ளே அயன்கள் செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் பிரசாரணத்தால் (செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் நகர்வது) உள்ளே இழுக்கப்படுகிறது. நீர் புகுந்ததும் மறையேற்றங்கள் ஒன்றையொன்று தள்ள, சங்கிலிகள் விரிகின்றன. சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் அவை கரைந்து போவதில்லை. வெளிநீரும் உப்பாக இருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, இழுப்பும் குறைகிறது. நமது யாழ்ப்பாணச் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளின் வன்னீரில் (கடின நீரில்) கல்சியமும் மக்னீசியமும் உண்டு. இரட்டை நேரேற்றம் கொண்ட அந்த அயன்கள் சங்கிலிகளை இறுகப் பிடித்து விரியவிடாமல் செய்கின்றன.

சிறுநீரும் உப்பு நீர்தான். தூய நீரைத் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு உறிஞ்சக்கூடிய இந்தக் குறுணி, சிறுநீரை ஏறக்குறைய 30 முதல் 50 மடங்கு வரையே உறிஞ்சுகிறது. அதுவே தாராளம். வெறும் பஞ்சு பிள்ளை உட்கார்ந்ததும் ஈரத்தைத் திருப்பிக் கக்கிவிடும்; இந்தக் கூழ் அழுத்தினாலும் நீரை விடாது. 1960களில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகளில் இவ்வகைப் பொருள் உருவானது. 1980களில் ஜப்பானில் இது குழந்தைகளின் அணையாடைக்குள் புகுந்த பிறகே பம்பர்ஸ் இன்றைய மெல்லிய உருவத்தைப் பெற்றது.

ஆகவே கனக்கும்வரை விட்டுவைக்கலாம் என்று பல வீடுகளில் முடிவு செய்துவிடுகிறார்கள். இங்கேதான் நான் மறுக்கிறேன். கூழ் உறிஞ்சுவது நீரை மட்டுமே. மலம் மேலேயே, தோலோடு ஒட்டிக் கிடக்கிறது.

வளர்ந்தவரின் தோல் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானம் 5.5 அளவில் இருக்கும் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்). பிறந்த பிள்ளையின் தோல் நடுநிலைக்கு அருகில் தொடங்கி, வாரக்கணக்கில்தான் அந்த நிலைக்கு இறங்குகிறது. மலத்தில் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் செரிமான நொதியங்கள் மிஞ்சியிருக்கின்றன. அதிலுள்ள பற்றீரியாக்களின் யூரியேஸ் நொதியம், சிறுநீரின் யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்குகிறது. அமோனியாவால் பிஎச் உயர, செரிமான நொதியங்கள் மும்முரமடைந்து தோலையே செரிக்கத் தொடங்குகின்றன. அமோனியாதான் தோலைச் சுடுகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நொதியங்களின் பங்கு 1980களின் ஆய்வுகளில்தான் தெளிவானது. சிறுநீர் மட்டும் நனைத்த பம்பர்ஸ் சற்றுப் பொறுக்கும். மலம் கலந்தது பொறுக்காது, நள்ளிரவானாலும் உடனே மாற்ற வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளின் மலத்தில் பிஎச் குறைவு என்பதால் அவர்களுக்குத் தோல் சிவப்பதும் குறைவு. வயிற்றோட்டக் காலத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

துணி கட்டும் வீடுகளில் தொல்லை கிணற்றடியில் தொடங்குகிறது. சவர்க்காரம் வன்னீரின் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத படிவாகித் துணியிழைகளில் தங்கிவிடும். துணி விறைக்கும், ஈரம் இழுக்காது, மிஞ்சிய சவர்க்காரம் தோலின் பிஎச்சையும் உயர்த்தும். பலமுறை அலசி, முடிந்தால் கடைசி அலசலுக்கு மழைநீரைப் பயன்படுத்தி, நல்ல வெயிலில் கொடியில் காயப் போடுவது நல்லது. பிள்ளையைக் கழுவும்போதும் ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் தேவையில்லை. வெதுவெதுப்பான நீர் போதும்.

பெண்பிள்ளைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். இல்லையேல் மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். தொடை மடிப்புகளை ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தொப்புள்கொடி விழும்வரை பம்பர்ஸின் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட வேண்டும். தோல் சிவந்தால் நாக ஒட்சைட்டு (சிங்க் ஒக்சைட்) களிம்பைத் தடிப்பாகப் பூசலாம். அடுத்த முறை அதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, அழுக்கான மேற்படை போனால் போதும். பவுடர் வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குள் போகும். மடிப்புகளுக்குள்ளேயே கடுஞ்சிவப்பும் சுற்றிலும் சிறு புள்ளிகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சணம். அதற்கு மருத்துவர் தரும் களிம்பு வேண்டும். மத்தியானத்தில் பிள்ளையை ஒன்றும் கட்டாமல் துணியில் கிடத்திக் காற்றுப்பட விடும் அம்மம்மாமாரின் பழக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஈரம் காயக் காய, தோல் தன் தடுப்பை மீட்டுக்கொள்கிறது.

கழற்றிய பம்பர்ஸிலுள்ள மலத்தை மலகூடத்தில் கொட்டிய பிறகே குப்பையில் போட வேண்டும். வளவில் புதைப்பது இங்கே ஆபத்தானது. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே அழுக்கு கிணற்றுக்கு எளிதில் வந்து சேரும்.

மாற்றுபவரின் கண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது நனைந்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். கூழ் ஈரத்தை மறைத்துவிடுவதால், கையில் தூக்கிக் கனம் பார்க்க வேண்டும். முதல் நாட்களின் கரும்பச்சை மலம் சில நாட்களில் மஞ்சளாக மாற வேண்டும். அது வெள்ளையாகவோ வெளிறிய களிமண் நிறத்திலோ வந்தால், அந்தப் பம்பர்ஸையும் எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், அதற்கான அறுவைச் சிகிச்சை, பிள்ளை பிறந்து 60 நாட்களுக்குள் செய்யப்படும்போதே கூடுதல் பலன் தருகிறது.