தானா விழுந்துட்டேன்னு சொல்லாதீங்க: சைக்கிள்ல ஆஸ்பத்திரிக்குப் போற ஒரு எலும்பு டாக்டர் எழுதறது

கேஷுவாலிட்டில டூட்டி பாக்கற பசங்க கேஸ் ஷீட்ல அடிபட்ட விதத்தை ரெண்டு வார்த்தைல முடிச்சிருவாங்க. ஒண்ணு ஆர்டிஏ, அதாவது ரோட்டு விபத்து. இன்னொண்ணு செல்ஃப் ஃபால், யாரும் இடிக்கல, ஆளு தானா விழுந்தாரு. பைக்ல அடிபட்டு வர்றவங்களுக்கு பெரும்பாலும் ஆர்டிஏன்னு தான் இருக்கும், ஆனா சைக்கிள்ல அடிபட்டு வர்றவங்க ஷீட்டைப் பாத்தீங்கன்னா என் அனுபவத்துல முக்கால்வாசி செல்ஃப் ஃபால் தான். நானும் பல வருஷமா அதை அப்படியே படிச்சுட்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, கட்டு போட சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டு இருந்தவன் தான்.

போன ஆடில எங்க சேலத்துல அம்மாபேட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தாரு (ஆள் தெரியக்கூடாதுன்னு கொஞ்சம் மாத்தி தான் சொல்றேன்). கைத்தறி நெய்யறவரு, அறுபதை ஒட்டின வயசு, வலது பக்கம் காறை எலும்பு, அதாவது கழுத்துக்குக் கீழ தோள் வரைக்கும் போற எலும்பு, நடுவுல ஒடஞ்சிருக்கு, நாலு நாள் கழிச்சு தான் வர்றாரு, அதுவரைக்கும் யாரோ முட்டை வெள்ளைக்கரு தடவி மூங்கில் பத்தை வச்சு கட்டி விட்டிருக்காங்க. அதைப் பத்தி தனியா ஒரு நாள் திட்டி எழுதணும், இப்ப வேண்டாம். ஷீட்ல வழக்கம்போல செல்ஃப் ஃபால்.

"எப்படிங்கய்யா விழுந்தீங்க?"

"தானா விழுந்துட்டனுங்க சார்."

"தானா எப்படிங்க விழுவீங்க, மயக்கம் வந்துச்சா, கல்லு கில்லு தட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க. கதவுல மோதிட்டேன்."

"என்ன கதவு?"

"காருக் கதவுங்க. ஓரமா நின்னுட்டு இருந்துச்சு, நான் தாண்டறதுக்கும் அவரு தொறக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. அவரும் பாவம் நல்ல மனுசன், எறநூறு ரூவா குடுத்து டீயும் வாங்கிக் குடுத்தாருங்க."

இது எப்படி செல்ஃப் ஃபால் ஆகும் சொல்லுங்க. நம்ம ஊர்ல கார் இடது ஓரமா நிக்கும், டிரைவர் கதவு வலது பக்கம், அது தொறந்தா சைக்கிளோட இடது ஹேண்டில்ல தான் மாட்டும், ஹேண்டில் வெடுக்குன்னு திரும்பும், ஆளு வலது பக்கம், அதாவது வண்டி வர்ற பக்கம், தோள்பட்டை தரைல படற மாதிரி போய் விழுவாரு. எக்ஸ்ரேல ஒடஞ்ச எடமும் அதையே தான் சொல்லுது. பின்னாடி டவுன் பஸ் வந்திருந்தா இவரு என்கிட்ட வந்திருக்கவே மாட்டாரு. காறை எலும்பு பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாம தொட்டில் கட்டுலயே கூடிரும், ஆனா ஆறு வாரம் நாடாக் கயிறு இழுக்கற கை சும்மா இருக்கணும், தறி நின்னா கூலி நிக்கும், அவரு வீட்டுக்கு அந்த எறநூறு ரூவா எத்தனை நாளைக்கு வரும்.

அன்னைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு வான்கூவர் ஞாபகம் வந்துச்சு. 2011ல அக்கா பையன் வீட்டுல மூணு வாரம் தங்கியிருந்தேன், கனடால. அங்க டவுன்டவுன்ல ஹார்ன்பி ஸ்ட்ரீட்னு ஒரு தெரு, ஆபீஸ் கட்டடமா இருக்கற மெயின் ஏரியா, அதுல ஒரு பக்கம் சைக்கிளுக்குன்னு தனி பாதை 2010 கடைசில தான் தொறந்திருந்தாங்க, அப்ப புதுசு. சும்மா பெயிண்ட் கோடு இல்ல, நடுவுல கான்கிரீட் கட்டை, செடித் தொட்டி, சைக்கிள் நிறுத்தற ஸ்டாண்டு, அந்தப் பக்கம் கார், இந்தப் பக்கம் சைக்கிள், போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே பாதைல ரெண்டு தடம், சைக்கிளுக்குன்னு தனி சிக்னல் வேற. அக்கா பையன் சைக்கிளை எடுத்துட்டு நான் அதுல போனேன். ரெண்டு தெரு தாண்டினதும் என்னமோ குறையுதேன்னு தோணுச்சு, என்னன்னு பாத்தா என் தோள்பட்டை ரெண்டும் கீழ எறங்கி இருக்கு. இங்க அஸ்தம்பட்டில இருந்து ஐந்து ரோடு பக்கம் ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் சைக்கிள்ல தான் போறேன், மூணு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும், ஆனா அந்த மூணு கிலோமீட்டரும் நான் கண்ணால ஓட்டறதை விட காதால தான் ஓட்டுவேன், பின்னாடி வர்றது பஸ்ஸா ஆட்டோவா, ஹாரன் அடிக்கறவன் ஒதுங்க சொல்றானா இல்ல சும்மா பழக்கத்துல அடிக்கறானா, எல்லாம் காதுல தான் தெரியணும், அதனால கழுத்தும் தோளும் முறுக்கிட்டே இருக்கும். அது முறுக்குன்னே அங்க போற வரைக்கும் எனக்குத் தெரியாது, சைக்கிள் ஓட்டினா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

அங்கயும் எல்லாரும் கை தட்டி வரவேற்கல, பார்க்கிங் போச்சு வியாபாரம் போச்சுன்னு கடைக்காரங்க பயங்கர சண்டை. அது நியாயமான கவலை தான், நம்ம செவ்வாப்பேட்டைல போய் லோடு எறக்கற எடத்துல கான்கிரீட் கட்டை வைக்கிறேன்னு சொல்லிப் பாருங்க, உங்களையே எறக்கி விட்டுருவாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அந்த வான்கூவர்லயும் டொரான்டோலயும் ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, 2012ல வெளிவந்துச்சு. சைக்கிள்ல அடிபட்டு எமர்ஜென்சிக்கு வந்த 690 பேரைக் கூப்பிட்டு, எந்த வழியா வந்தீங்க, எந்த எடத்துல விழுந்தீங்கன்னு கேட்டு, அதே பயணத்துல அவங்க விழாம தாண்டி வந்த இன்னொரு எடத்தையும் எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. ஆளும் அதே ஆளு, சைக்கிளும் அதே சைக்கிள், எடம் மட்டும் தான் வேற. ஓரத்துல கார் நிறுத்தியிருக்கற, சைக்கிளுக்கு எந்த வசதியும் இல்லாத மெயின் ரோட்டோட ஒப்பிட்டா, தடுப்பு வச்ச தனிப் பாதைல அடிபடற வாய்ப்பு ஒன்பதுல ஒரு பங்கு தான் இருந்துச்சு. ஒரு எலும்பு டாக்டரா எனக்கு இந்த நம்பரை விட அந்தக் கேள்வி தான் உறைச்சுச்சு, ஏன்னா அவங்க கேட்டது எங்க கேஷுவாலிட்டி மாதிரி ஒரு எடத்துல தான், நாங்க அதைக் கேக்கறதே இல்ல. செல்ஃப் ஃபால்னு எழுதின உடனே அந்த எடம், அந்தக் கதவு, அந்த வண்டி எல்லாம் கணக்குல இருந்து காணாம போயிருது. சேலத்துல சைக்கிள்காரங்க அடிபடறதே இல்லன்னு ஃபைல் சொல்லும், அடிபடாதவங்களுக்கு எதுக்குங்க தனிப் பாதை.

சரி ஊருக்கு வேண்டாம், உங்களுக்கு என்ன நஷ்டம்னு பாருங்க. வண்டி மோதினதுன்னு சொன்னா ஆஸ்பத்திரில ஏஆர் என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டுல எழுதி, ஸ்டேஷனுக்கு தகவல் போகும். அந்த ஸ்டேஷன்ங்கற வார்த்தைக்கு பயந்து தான் பாதி பேரு தானா விழுந்தேன்றாங்க. ஆனா 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்மைக் காக்கும் 48 திட்டத்துல, ரோட்டு விபத்துல அடிபட்டவங்களுக்கு பட்டியல்ல இருக்கற ஆஸ்பத்திரில மொத 48 மணி நேர சிகிச்சை அரசு செலவு. இடிச்சுட்டு எந்த வண்டின்னே தெரியாம போயிட்டான்னா அதுக்கும் மத்திய அரசோட நிவாரணம் தனியா இருக்கு, 2022 ஏப்ரல்ல இருந்து கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனா ரெண்டு லட்சம். கொடுங்காயம்னா கையோ காலோ போயிருக்கணும்னு நெனைக்காதீங்க, சட்டப்படி எலும்பு ஒடஞ்சாலே, ஏன் ஒரு பல்லு ஒடஞ்சாலே அது கொடுங்காயம் தான். இதுக்கெல்லாம் வேர் அந்த ஒரு வரி தான், மொத நாள் ஷீட்ல தானா விழுந்தாருன்னு இருந்துச்சுன்னா பின்னாடி எத்தனை பேரு கையைப் புடிச்சாலும் மாத்தறது பெரும் பாடு.

ஒரு வேடிக்கை பாருங்க. ஞாயித்துக்கெழம காலைல அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிக்கற தம்பிங்க இருக்காங்கல்ல, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிட்டு எறங்கும்போது விழுந்துட்டு வருவாங்க. அவங்க எத்தனாவது வளைவு, என்ன ஸ்பீடு, எந்த பிரேக்கு புடிச்சேன், எதிர்ல வந்த காரு எவ்வளவு வெளிய வந்தான் எல்லாம் ஸ்ட்ராவாங்கற போன் ஆப்ல மேப்போட காட்டுவாங்க. உடம்புக்காக ஓட்டறவன் சாட்சியோட வர்றான், பொழப்புக்காக ஓட்டற தறிக்காரரும் கொலுசுப் பட்டறை ஆளும் பால்காரரும் தப்பைத் தன் மேல போட்டுட்டு வர்றாங்க. பள்ளிக்கூடத்துல குடுத்த விலையில்லா சைக்கிள்ல வர்ற ப்ளஸ் ஒன் புள்ளைங்க இன்னும் மோசம், அப்பா திட்டுவாரு, சைக்கிளைப் புடுங்கிருவாருன்னு வாயே தொறக்க மாட்டாங்க.

நம்ம ஊருக்கு இப்படி ஒரு பாதை வந்தா எப்படி இருக்கும்னு கேக்கறீங்களா, பெயிண்ட் மட்டும் அடிச்சா சாயங்காலமே அதுல ஒரு தட்டுவடை செட் கடை வந்திரும், அதுக்குப் பக்கத்துல சாப்பிட வந்தவங்க பைக்கு நிக்கும், நானும் எறங்கி ஒரு செட்டு வாங்குவேன் அது வேற விஷயம். கட்டை வச்சே ஆகணும். கட்டை வச்சாலும் எடைவெளில பைக்கு உள்ள பூந்துரும், சைக்கிள் போற சந்துல பைக்கும் போகுங்கறது நம்ம ஊரு கணக்கு, அதை எப்படி தடுக்கறதுன்னு எனக்கு நல்ல பதில் இல்ல. இன்னொண்ணு, நேரா போற எடத்துல கட்டை காப்பாத்தும், ஜங்ஷன்ல காப்பாத்தாது, 2020ல ஐந்து ரோட்டுல ஈரடுக்குப் பாலம் தொறந்து மேல போறவங்க மேல போயிட்டாங்க, சைக்கிள் கீழ தான், அங்க இடது பக்கம் திரும்பற வண்டிக்கும் நேரா போற சைக்கிளுக்கும் தனித்தனி சிக்னல் இல்லாம பாதை மட்டும் போட்டா அங்கதான் கேஸு வரும்.

அதுவரைக்கும் கார்க்காரங்க ஒண்ணு பண்ணுங்க. டிரைவர் சீட்டுல இருந்து எறங்கும்போது வலது கையால தொறக்காம இடது கையால தொறந்து பாருங்க, உடம்பு தானா வலது பக்கம் திரும்பும், கண்ணாடியும் பின்னாடி வர்ற சைக்கிளும் சேந்து தெரியும். சைக்கிள் ஓட்டறவங்க நிக்கற காரை ஒரு கதவு அளவு தள்ளியே தாண்டுங்க, ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான்.

பெரியவர் ஆறாவது வாரம் ரிவ்யூக்கு வந்தாரு, எலும்பு நல்லா கூடிருச்சு. எதுல வந்தீங்கன்னேன். "பஸ்ஸுலதாங்க, சைக்கிளு ஹேண்டிலு கோணிப்போய் கெடக்குது." எந்த எடத்துல கதவு தொறந்துச்சுன்னு கேட்டு, கடைப் பேரு, கரண்டு கம்பம், நேரம் எல்லாம் அவரு சொல்ல சொல்ல ஷீட்ல எழுதினேன், செல்ஃப் ஃபாலை அடிக்காம அதுக்குப் பக்கத்துல, அன்னைக்குத் தேதி போட்டு, என் கையெழுத்தோட. எழுதி முடிக்கறதுக்குள்ள டூட்டி டாக்டர் தம்பி அடுத்த ஷீட்டைக் கொண்டாந்து வச்சான், கொண்டலாம்பட்டி, பால்காரர், மணிக்கட்டு. மூணாவது வரில செல்ஃப் ஃபால்னு இருந்துச்சு. "எங்கன்னு கேட்டியாப்பா?"ன்னேன். திரும்பி கேஷுவாலிட்டிக்கு நடந்தான்.